இறுதிச் சரக்கிருப்பு

பிப்ரவரி 20, வியாழன்

இது 2014ஆம் ஆண்டு டைரி. எங்கள் அச்சகத்தில் அடித்து விற்காமல் போனவற்றில் ஐந்தாறு வீட்டு அலமாரியில் கிடந்தன. 2014க்கும் இந்த 2025க்கும் கிழமைகள் ஒன்றுதான். எதையும் அடித்துத் திருத்த வேண்டியதில்லை.

நேற்று முன்தினம் மதுரையிலிருந்து சிவகாசிக்குத் திரும்பினோம். அவருக்கு பைபாஸ் ஆகிப் பன்னிரண்டு நாள். ரத்த அழுத்தம், எடை, எந்த மாத்திரை எப்போது என்று தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நான்கு வரி போதும். மீதிப் பக்கம் வீணாவது எனக்குப் பிடிக்காது.

காலை 130/84. மாலை 126/80. எடை 68. உப்பில்லாத இட்லி இரண்டு. ஆறு வாரத்துக்கு அவரிடம் அச்சகப் பேச்சே கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் அச்சகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஆகவே சிரமம் இருக்காது.

பிப்ரவரி 21, வெள்ளி

அருஞ்சுனை வந்தார். எங்கள் அச்சகத்தின் கணக்கர், அறுபதைத் தாண்டியவர். வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். வங்கிக் கடனை மார்ச் 25க்குள் புதுப்பிக்க வேண்டும். என் கணவரின் கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சரக்குப் பட்டியலோடு பங்குதாரர் ஒருவர் வங்கிக்கு நேரில் வர வேண்டுமாம். இருக்கும் பங்குதாரர்கள் இரண்டு பேர். அவரும் நானும்.

கடனுக்கு ஈடாக வங்கியில் இருப்பது இந்த வீட்டின் பத்திரம். வீடு அப்பா என் பெயரில் எழுதிவைத்தது.

தாள்களில் நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. இந்த எண்கள் எல்லாம் என்ன என்று கேட்டேன்.

“வருசா வருசம் போடுறதுதான் டீச்சர். மொதலாளிக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே அண்ணாச்சி” என்றேன். நான் ஏதோ வேடிக்கையாகப் பேசிவிட்டதுபோல் சிரித்தார்.

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். டீச்சர் இல்லை, பேராசிரியர் என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை. ஓர் ஆவணத்தை யார், யாருக்காக, எப்போது எழுதினார்கள் என்று கேட்காமல் நம்பக் கூடாது என்பதை வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. தாள்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கல்லூரிக்கு மார்ச் முடியும்வரை விடுப்பு. பகலில் நாத்தனார் வந்து அவரோடு இருக்கிறார். இரண்டு பேரும் தொலைக்காட்சியை அதிகச் சத்தமாக வைக்கிறார்கள். அதனால் அச்சகத்துக்குப் போனேன்.

சீசன் முடிந்துவிட்டது. ஆடியில் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வரும்வரை நோட்டு அட்டையும் மருந்து டப்பாவும்தான். இரண்டு எந்திரங்களில் ஒன்று மூடிக் கிடந்தது. கணக்கு மென்பொருளை அருஞ்சுனை திறந்து காட்டினார்.

“என்டர் தட்டுனா உள்ள போகும். எஸ்கேப் தட்டுனா வெளிய வரும். அவ்ளோதான் டீச்சர், வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

லாப நட்டக் கணக்கைத் திறந்தேன். சென்ற ஏப்ரல் முதல் இன்றுவரை. இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. கடைசி வரியில் நட்டம் எண்பத்தைந்து லட்சம் என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எண்பத்தைந்து.

“அண்ணாச்சி, நஷ்டம்னு காட்டுதே.”

அவர் நாற்காலியிலிருந்து எழவுமில்லை. “இன்னும் ஸ்டாக் போடலல்ல டீச்சர். மார்ச் முப்பத்தொண்ணுல ஸ்டாக் போட்டா லாபம் வந்துரும்.”

“போட்டால் வந்துவிடுமா?”

“வருசா வருசம் வருதே.”

மாலை 124/80. எதிர்வீட்டுப் பெண்ணின் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி வந்தேன். அருஞ்சுனை சொன்னது சரிதான். போன வருடம் மிஞ்சிய சரக்கின் மதிப்பும் இந்த வருடம் அச்சடிக்க ஆன செலவும் முழுவதுமாகச் செலவுப் பக்கம் ஏறிவிடுகின்றன. வருடக் கடைசியில் விற்காமல் மிஞ்சியிருக்கும் சரக்கின் மதிப்பை வரவுப் பக்கம் எழுத வேண்டும். அதற்குப் பெயர் இறுதிச் சரக்கிருப்பு. அதைப் போடும்வரை எல்லாம் நட்டமாகத்தான் தெரியும்.

அதாவது விற்காதது எவ்வளவு அதிகமோ, ஏட்டில் லாபமும் அவ்வளவு அதிகம். அந்தப் பத்தியைப் பென்சிலால் கோடிட்டேன். பிறகு புத்தகம் என்னுடையதல்ல என்று நினைவு வந்து அழித்தேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்று சிவராத்திரி. நாத்தனார் விரதம். டைரியில் சிவராத்திரி நாளைய பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. கிழமை மட்டும்தான் ஒன்று போலிருக்கிறது.

காலை 128/82. இருமல் வந்தால் தையல் விடாமலிருக்க ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வெட்கப்பட்டு அதைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார். எடுத்து மடியில் வைத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாள் முழுக்க என்டர், எஸ்கேப்.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த எண்ணின்மேல் நின்று என்டரைத் தட்டினாலும் அதற்குள் இருப்பது விரிகிறது. மின்சாரம் என்றால் மாதங்கள், மாதத்துக்குள் ரசீது. கடன்கொடுத்தோர் என்றால் காகித வியாபாரியின் பெயர், பெயருக்குள் பில். பணியாளர் நலம் என்ற தலைப்பில் இறங்கிப்போய் ஜூன் மாதத்தில் ஒரு நாள் எழுபது ரூபாய்க்கு வடை வாங்கியதைக் கண்டுபிடித்தேன். கீழே விவரத்தில், மழை பெய்ததால் டீயோடு வடை என்று ஆங்கில எழுத்தில் தமிழாக அருஞ்சுனை அடித்துவைத்திருக்கிறார். நல்ல ஆவணக்காரர்.

மதியத்துக்குமேல் சென்ற வருட இருப்புநிலைக் குறிப்பைத் திறந்தேன். மார்ச் 31 அன்று என்ன கடன், என்ன சொத்து என்று காட்டும் தாள். சொத்துப் பக்கத்தில் இறுதிச் சரக்கிருப்பு எண்பத்தெட்டு லட்சம். இருக்கும் சொத்தில் பாதிக்குமேல் அதுதான். என்டரைத் தட்டினேன். ஒரு தேதியும் அதே எண்பத்தெட்டு லட்சமும் வந்தன. மறுபடி தட்டினேன். திரை அசையவில்லை.

வடைக்கு ஆதாரம் இருக்கிறது. எண்பத்தெட்டு லட்சத்துக்கு இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “மொதலாளி சொல்லுவாங்க, நான் போடுவேன்” என்றார். ஒவ்வொரு மார்ச் 31 சாயங்காலமும் அவர் பழைய கோடவுனுக்குள் போவாராம். வெளியே வந்து குழாயில் கை கழுவுவாராம். உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓர் எண்ணைச் சொல்வாராம்.

“எழுதிக் கொடுக்க மாட்டாரா?”

“வாயாலதான். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுச் சொல்லுவாங்க.”

மார்ச் 3, திங்கள்

122/78. கீரையும் வாழைத்தண்டும் வாங்கினேன். அச்சகத்துக்குப் போகவில்லை.

மார்ச் 5, புதன்

திரையின் வலது ஓரத்தில் வேறு பொத்தான்களும் இருக்கின்றன. ஒன்றைத் தட்டினால் ஒரு வருடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வருடத்தை நிறுத்தலாம். தப்பும் தவறுமாகத் தட்டி, ஒரு தடவை கணக்கையே மூடிவிட்டு, கடைசியில் பத்து வருடங்களை வரிசையாக நிறுத்தினேன். அருஞ்சுனை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பொத்தானை இதுவரை அழுத்தியதே இல்லை என்றார். அதை ஏதோ பெருமையாகச் சொன்னார்.

விற்பனை 2016இலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. சரக்கிருப்பு ஏறிக்கொண்டே வருகிறது. லாபம் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஆறு லட்சத்துக்கும் ஏழு லட்சத்துக்கும் நடுவில் நிற்கிறது. பணமதிப்பிழப்பு நடந்த வருடத்திலும் ஆறேகால். ஊரடங்கு வருடத்திலும் ஆறரை. பத்து வருடமும் ஒரே விளைச்சல் என்று சொல்லும் கிராமக் கணக்கு ஒன்றை என் மாணவி கொண்டுவந்தால், மழையை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளையைப் பார் என்று சொல்வேன்.

அந்த லாபத்துக்கெல்லாம் வருமான வரியும் கட்டியிருக்கிறோம்.

ஆடிட்டர் அச்சிட்டுக் கட்டிய பழைய அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். சரக்கிருப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பங்குதாரர்கள் சான்றளித்தபடி’ என்றிருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று என்னுடையதுதான். அவசரமாகப் போட்டது போலிருக்கிறது.

மார்ச் 8, சனி

120/80. நடை, தெருமுனை வரை. திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாததால் இருவருக்கும் நடை சரியாக அமையவில்லை.

மார்ச் 10, திங்கள்

பழைய கோடவுனின் சாவி அவருடைய சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. கொத்து படுக்கையறை ஆணியில் தொங்குகிறது. காலையில் அதிலிருந்து அந்த ஒரு சாவியைக் கழற்றினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

கோடவுன் காகிதம் வெட்டும் பகுதிக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே பாச்சை உருண்டை வாசனை. நான் குப்பையை எதிர்பார்த்துப் போனேன். குப்பை இல்லை. தரையில் மரச்சட்டம், அதன்மேல் கட்டுக்கட்டாகக் காலண்டர்கள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. வரிசைக்கு ஒரு வருடம். 2015, 2016, 2017 என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. கடைசி வரிசை இந்த வருடத்தினுடையது.

2017தான் பெரிய வரிசை. பணமதிப்பிழப்பின்போது அடித்தவை. கடைகள் முன்பணத்தை விட்டுவிட்டுச் சரக்கை எடுக்காமல் போயிருக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மயில்மேல் முருகன், கீழே தூத்துக்குடி ஜவுளிக்கடை ஒன்றின் பெயரும் போன் எண்ணும். இன்னொன்றில் லட்சுமி, அருப்புக்கோட்டை நிதி நிறுவனம் ஒன்று. அடுத்தவன் பெயர் போட்ட காலண்டரை அந்த வருடத்திலேயே வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

திரும்பும்போது சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டியால் அவர் கையெழுத்தில் இரண்டு இரண்டாக எண்கள்.

2014 — 2025
2015 — 2026
2016 — 2044
2017 — 2023

இப்படி 2022 வரை. எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. இடப்பக்கம் காலண்டரின் வருடம். வலப்பக்கம், அதே கிழமைகளோடு திரும்பி வரும் வருடம். 2017 வரியின் குறுக்கே ஒரு கோடு. 2023 வந்து போய்விட்டது. அந்த வரிசை அப்படியே இருக்கிறது.

2044இல் அவருக்கு எழுபத்துமூன்று வயது ஆகும். அந்தக் கணக்கை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

இருப்புநிலைக் குறிப்பின் இடப்பக்கத்தை இதுவரை ஒழுங்காகப் பார்க்கவில்லை. முதல் வரி மூலதனம். என்டரைத் தட்டினால் இரண்டு பெயர்கள். காளிராஜன், பதினான்கு லட்சம். மல்லிகேஸ்வரி, அறுபத்தொரு லட்சம்.

என் பெயரின்மேல் நின்று தட்டினேன். லாபத்தில் பாதி என்று வருடாவருடம் ஏறியிருப்பது புரிந்தது. அது தவிர ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் அவர் கணக்கில் குறைத்து என் கணக்கில் கூட்டிய ஒரு பதிவு இருந்தது. விவரத்தில் ஒரே சொல். ‘வீட்டுக்கு.’

அருஞ்சுனையிடம் கேட்டேன்.

“டீச்சர் வீடு பேங்க்ல இருக்குல்ல. அதுக்கு வாடகை மாதிரி குடுக்கணும்னு மொதலாளி சொன்னாங்க.”

“எனக்கு யாரும் எதுவும் கொடுக்கலையே அண்ணாச்சி.”

“கணக்குல குடுத்திருக்கோம்ல.”

ஆக, எனக்கு அறுபத்தொரு லட்சம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று வலப்பக்கத்தில் தேடினால், இறுதிச் சரக்கிருப்பில் இருக்கிறது. மயில்மேல் முருகனாக இருக்கிறது.

சாயங்காலம் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. கைதவறியதுதான். 126/82.

மார்ச் 15, சனி

மதுரையில் பரிசோதனை. தையல் நன்றாக ஆறிவிட்டது. அவர் வெளியே போனபிறகு டாக்டரிடம், தொழில் பற்றி இனிப் பேசலாமா என்று கேட்டேன். “பேசலாம்மா. சண்டை போடக் கூடாது” என்றார். நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை என்றேன். அதுவும் அவ்வளவு நல்லதில்லை என்றார். தேவையில்லாத பேச்சு.

மார்ச் 16, ஞாயிறு

அவரே தொடங்கினார். நான் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“கோடவுன் சாவி எங்க?”

“ஆணியில மாட்டிட்டேன்.”

“உள்ள போனியா?”

“போனேன்.”

“கரையான் இருந்துச்சா?”

“இல்ல.”

தலையை ஆட்டிக்கொண்டார். தொலைக்காட்சியை அவரே அணைத்தார். பிறகு சொல்லிக்கொண்டே போனார். முதல் வருடம் அடுத்த சீசனில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாராம். நட்டம் என்று காட்டினால் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் சீசனுக்குக் காகிதம் வாங்க முடியாது. மறு வருடம் பழையதையும் சேர்த்துக் காட்டினால்தான் லாபம் நின்றது. அதற்கு மறு வருடம் இன்னும் கொஞ்சம். ஓர் எண்ணை ஒரு தடவை சொன்னபிறகு அடுத்த வருடம் அதைவிடக் குறைத்துச் சொல்ல வழியே இல்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பாகற்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுவத்துல எழுதியிருக்கே, அது?”

“ஏன், 2014 திரும்பி வந்துருச்சுல்ல? நீயே அந்த டைரியிலதான எழுதுற.”

“சிவராத்திரி ஒரு நாள் முந்தி வந்திருக்கு” என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் தையல் வலிக்கும். தலையணையைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன். அதை அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வாயை மூடிச் சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதல் தடவை.

அடங்கியதும், “இந்த ஒரு வருசம் கையெழுத்துப் போட்டுரு மல்லி” என்றார். “போடலேன்னா பேங்க்காரன் மொத்தத்தையும் கட்டச் சொல்லுவான். பதினெட்டுப் பேரு வேல பாக்குறாங்க. வீடும் உள்ள இருக்கு.”

“போட்டா வீடு வெளிய வந்துருமா?”

பாகற்காயை உப்பில்லாமல் வதக்கினேன். யாருக்கும் இறங்கவில்லை. மாலை 138/88. பேசாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

காலை 124/80. அப்பாடா.

மார்ச் 18, செவ்வாய்

உண்மையாக என்ன இருக்கிறது என்று எண்ணினோம். நான், அருஞ்சுனை, வெட்டும் பகுதி ஆள் ஒருவர். காகித ரீம், அட்டை, மை, பிளேட், பாதி முடிந்த நோட்டு அட்டைகள். பழைய கோடவுனில் கிடந்த காலண்டர்களை எடைக்குப் போடும் விலையில் கணக்கிட்டோம். எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.

அருஞ்சுனை எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்ப எடுத்து என்னிடம் கொடுத்தார்.

“இத அங்க குடுத்தா கதவச் சாத்திருவான் டீச்சர். எனக்கு ஒரு மகளக் கட்டிக் குடுக்க வேண்டியிருக்கு. அதச் சொல்லல. ஆனா இருக்கு.”

டீ வாங்கிவரச் சொன்னேன். வடையும்.

மார்ச் 20, வியாழன்

கறுப்புக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவை. கல்லூரித் தேர்வுக் கண்காணிப்புக்குக் கட்டுவது.

வங்கி மேலாளர் பிரிட்டோ தூத்துக்குடிக்காரர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். முதலில் என் கணவரின் உடல்நிலை பற்றி விசாரித்தார். அருஞ்சுனை அடித்துவைத்திருந்த பழைய மாதிரிப் பட்டியலை நான் எடுக்கவில்லை. புதியதைக் கொடுத்தேன். பார்த்தார். ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. வகுப்பில் சொல்வதுபோல் வருட வரிசையில் சொன்னேன்.

அவர் தன் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வருடமும் வங்கியிலிருந்து வந்து கோடவுனைப் பார்த்துக் கையெழுத்திட்ட தாள்களைப் புரட்டினார். கட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். காலண்டரில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சென்ற வருடத் தாளில் இருந்தது பிரிட்டோவின் கையெழுத்துதான். அதையும் அவசரமாகப் போட்டதுபோல் தெரிந்தது.

“மேடம், இத நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“தெரியும்” என்றேன்.

மதுரை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். உடனே வீட்டின்மேல் நடவடிக்கை வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். வெளியே வந்தபோது வெயில். ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்தேன்.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிற்கக் கூடாது. “குடுத்துட்டியா?” என்றார். கொடுத்துவிட்டேன் என்றேன். “எதக் குடுத்த?” என்று கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

118/76. பங்குனிப் பொங்கலுக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். எப்போதும் கொடுப்பதில் பாதி கொடுத்தேன். ரசீதில் என் முழுப் பெயரையும் எழுதச் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

வங்கியிலிருந்து எதுவும் இல்லை. இரண்டு தடவை போனை எடுத்து, டயல் செய்யாமல் வைத்தேன். வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

பிரிட்டோ போன் செய்தார். வருடாவருடம் புதுப்பிக்கும் சுழல்கடனின் வரம்பு அறுபது லட்சத்திலிருந்து இருபதாகக் குறைகிறது. பத்து லட்சம் இப்போதே கட்ட வேண்டும். மீதி ஐந்து வருடத் தவணைக் கடன். வீடு அதுவரை வங்கியில்தான். கதவைச் சாத்தவில்லை, கால்வாசி திறந்து வைத்திருக்கிறார்கள்.

மூடிக் கிடக்கும் எந்திரத்தை விற்றால் ஆறு லட்சம் வரும் என்கிறார் அருஞ்சுனை. மீதி நாலுக்கு என் வைப்புத்தொகையை எடுக்கலாம். சுற்றுலா போக வைத்திருந்தது. எங்கே என்று முடிவு செய்திருக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். எந்த எந்திரம் என்று மட்டும் கேட்டார். அது அவர் முதன்முதலில் வாங்கியது. மாலை 128/84.

மார்ச் 31, திங்கள்

டைரியில் இன்று யுகாதி என்று அச்சாகியிருக்கிறது. அது நேற்றே போய்விட்டது. இன்று ரம்ஜான், அச்சகம் விடுமுறை. ஆனாலும் மார்ச் 31 என்பதால் அருஞ்சுனை வந்திருந்தார்.

அவரும் வருவேன் என்றார். காரில் பின்னிருக்கையில் தலையணையோடு உட்கார வைத்து அழைத்துப் போனேன். நேராகப் பழைய கோடவுனுக்குப் போனார். நான் உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து குழாயில் கை கழுவினார். துண்டு நீட்டினேன். அலுவலகத்துக்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அருஞ்சுனை விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எண் என்ன என்று அறையில் மூன்று பேருக்கும் தெரியும். தாளில் எழுதி மேசைமேலேயே இருந்தது. ஆனாலும் அவர் யோசித்தார்.

“ஒம்பது லட்சத்து நாப்பதாயிரம்.”

அருஞ்சுனை போட்டார். எழுபத்தைந்து லட்சத்துச் சொச்சம் நட்டம். இந்தத் தடவை எதைப் போட்டாலும் மாறாது.

“நஷ்டம் பூராத்தையும் எம் பேர்ல போடுங்க அண்ணாச்சி” என்றார்.

அருஞ்சுனை என்னைப் பார்த்தார்.

“பங்குதாரர் பத்திரத்துல எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“லாபமும் நஷ்டமும் சரிபாதி டீச்சர்.”

“அப்ப சரிபாதி போடுங்க.”

“மல்லி, அது ஒன் பணம்.”

“எங்கிட்ட இருந்தது பணம் இல்ல. காலண்டர்” என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்து இருமினார். தலையணையை மடியில் வைத்தேன். அருஞ்சுனை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். பிறகு பாதிப்பாதியாகப் போட்டார். இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து, மூலதனத்தின்மேல் நின்று நானே என்டரைத் தட்டினேன். என் பெயரில் இருபத்துமூன்று லட்சம். அவர் பெயரில் இருபத்துநான்கு லட்சம், முன்னால் கழித்தல் குறி. இரண்டு பேரையும் கூட்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏறக்குறைய கல்யாணமான வருடத்தின் நிலைமை.

எஸ்கேப்.

இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். இந்தத் தடவை பென்சில் குறி இல்லாததால் எங்கே போடுவது என்று தேட வேண்டியிருந்தது. மாலை 122/80.

ஏப்ரல் 4, வெள்ளி

பழைய காகித வியாபாரியின் லாரி வந்தது. இரண்டு நடை. முருகனும் லட்சுமியும் எடைக்குப் போவதால் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு கட்டையும் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நேரமானது. அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். 2017 வரிசை போகும்போது மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

வீட்டுக்குப் புறப்படும்போது, இந்த ஆடிக்கு முன்பணம் வாங்காமல் எதையும் அடிப்பதில்லை என்றார். முன்பணம் கொடுத்தவர்களும்தானே எடுக்காமல் போனார்கள் என்றேன். பாதிப் பணம் வாங்கிக்கொள்வோம் என்றார். வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கோடவுன் காலி. கூட்டிப் பெருக்கியாயிற்று. வெள்ளையடித்துவிடலாமா என்று அருஞ்சுனை கேட்டார். சுவரில் 2044 அழியாமல் இருந்தது. இருக்கட்டும் என்றேன். கணக்கில் அதற்கு மதிப்பு எதுவும் போடவில்லை.